ஐ வில் கெட் பேக் டு யூ

என் வீட்டுக்காரருக்கு,

கோவிச்சுக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டீங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டா, போன வாரம் "ஐ வில் லுக் இன்ட்டு இட்." நேத்து "ஐ வில் கெட் பேக் டு யூ."

எங்க ஆபீஸ் புகார் பிரிவுல நாள் முழுக்க போன்ல நான் சொல்ற வசனம்ங்க அது. பதில் இல்லாதப்பதான் சொல்வோம். அதை எனக்கேவா?

பாப்பா உங்க செருப்பை வாசல்ல வைக்கிறா. நான் உள்ள எடுத்து வைக்கிறேன். மறுபடியும் வைக்கிறா.

போன்ல கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனவங்க ஒருநாள் ஆபீஸுக்கு நேர்லயே வந்து நிப்பாங்க. அப்பதான் நாங்க நாற்காலியை விட்டு எழுந்திரிப்போம்.

ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் வர்றோம். இங்கிலீஷ்ல பதில் சொல்லாம, எழுந்து வந்து கதவைத் திறங்க.

உங்க வீட்டுப் புகார்க்காரி