அழாமல் உட்கார்ந்திருந்த ராசம்மா

12 ஜூன் 1998, வெள்ளி

தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவர்களைக் குளவி கொட்டிவிட்டது. என் தோட்ட டிஸ்பென்சரி முழுக்க ஒரே அழுகை. ராசம்மா மட்டும் அழாமல், மலைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மகளை, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுற்றித் தூக்கி வந்தாள்.

“எனக்கு வலிக்கலைங்க ஐயா, புள்ளைய பாருங்க.”

நம்பிவிட்டேன். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, அழுதவர்களுக்கெல்லாம் ஊசி போட்டேன். பிறகு குழந்தையைச் சோதித்து, “புள்ளைக்கு ஒண்ணுமில்ல” என்றேன். அந்த நொடியே அலறிச் சரிந்தாள். முதுகு முழுக்கக் கொட்டிய தடம்.

ஆபத்து நேரத்தில் நடுமூளையின் மையத்திலுள்ள சாம்பல்நிறப் பகுதி வலியை அடக்கிவைக்கும். மருத்துவப் பயிற்சியில் இதைப் படித்து, பரீட்சையிலும் எழுதியவன் நான். ஆனாலும் முதுகைப் பார்க்க அவளைத் திரும்பி உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும்போதும், “புள்ள சாப்பிட்டுச்சாங்க?” என்றாள்.

சாப்பிட்டது. என் மனைவி பக்கத்தில் தூங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை.