கயிற்றில் ஏறும் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கையுறை கொடுத்தேன், ஹெல்மெட் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். வெல்டர் ஒருவர் வந்து, கம்பெனிச் சட்டை தொளதொளவென்று இருக்கிறது, சின்னதாக ஒன்று கொடுங்கள் என்றார். கேட்கவே பொறாமையாக இருந்தது.

பதினைந்து வருஷம் டவர் கிரேனில் உட்கார்ந்து சம்பாதித்தவனை ஒரு பாதுகாப்புப் பெல்ட் ஸ்டோர் ரூமுக்கு இறக்கிவிட்டது. மேலே எனக்கு மயக்கம் வந்தால் கயிற்றில் கட்டி இறக்கவேண்டுமாம். அந்தப் பெல்ட்டும் கயிறும் நூற்றுப் பதினைந்து கிலோ வரைதான் தாங்குமாம். நான் நூற்று முப்பத்தொன்று. பாதுகாப்பு அதிகாரி எடைமேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடை குறையட்டும், அப்புறம் ஏறலாம் என்றார். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாத மனுஷர். அதனால் சைட்டில் அவருக்குப் பெயரே ஹெல்மெட்தான். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

என் கிரேனைப் புதிய ஆள் ஓட்டுகிறார். கொக்கி தொட்டில் மாதிரி ஆடுகிறது. பார்க்கச் சகிக்காமல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பிஸ்கட் பாக்கெட் எப்போது காலியானது என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நானும் மனைவியும் டாக்டர் அம்மாவிடம் போனோம். வாரத்துக்கு ஒரு ஊசி என்றார். சர்க்கரை நோயாளிகளுக்காக வந்த மருந்து, இப்போது எடைக்கும் கொடுக்கிறார்களாம். எனக்குச் சர்க்கரையும் எல்லையில்தான் நிற்கிறது.

வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு ஊசியா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணாடி போடறவங்ககிட்ட, கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க, கண்ணு தெரியும்னு சொல்வீங்களா?" என்றார்.

உயரத்தில் வேலை, அதனால் ஆபீஸில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். தலையாட்டினேன். சொல்லமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் ஊசி. பேனா மாதிரி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இடம்.

முப்பது மாடி உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். இந்தத் துளி ஊசியைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மனைவிதான் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, போடு, சீக்கிரம் போடு என்று கத்தினேன். "போட்டு முடிச்சாச்சு, கண்ணைத் திறங்க" என்றாள். காலேஜிலிருந்து வந்திருந்த மகள் அடுத்த அறையில் சிரிப்பது கேட்டது.

மார்ச் 11, செவ்வாய்

குமட்டல். ஸ்டோரில் பெயின்ட் வாடை வேறு. என்னடா வாழ்க்கை இது.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

மேஸ்திரிக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு சாப்பிட்டேன். மிச்சத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பூட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது — கேக் அப்படியே இருந்தது. நான் அதை மறந்துபோயிருந்தேன்.

மறந்தேன்! நானா? மேசையில் கேக் இருந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. இன்னொரு துண்டு எடுக்கலாமா, யாராவது பார்ப்பார்களா, பார்த்தால் என்ன, போதும், இல்லை ஒன்றே ஒன்று... காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு தூங்கும்வரை ஓயாது. எல்லார் தலைக்குள்ளும் இது ஓடுகிறது, மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறார்கள், எனக்குத்தான் துப்பில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று அது நின்றிருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். ஒரே அமைதி.

மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்ததா? இத்தனை வருஷமும்? அடப்பாவிகளா, இதை வைத்துக்கொண்டா எனக்குப் புத்தி சொன்னீர்கள்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊசி போட்டுவிட்டு அவள் எழுந்து போகவில்லை. பேனாவை மூடியபடி, "எவ்வளவு திட்டியிருக்கேன் உங்களை" என்றாள். அப்புறம், "பிஸ்கட் டப்பாவை ஒளிச்சு வெச்சதெல்லாம்... அது உங்க கையில இல்லனு எனக்குத் தெரியலைங்க." அழுதாள். நானும்தான். எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சைட்டில் எல்லார் கண்ணும் என் மேல்தான். ரேடியோ வந்து ஸ்டோர் கவுன்டரில் சாய்ந்துகொண்டான். என் கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி-டாக்கியில் சிக்னல் கொடுப்பவன். கொடுக்கிற சிக்னலைவிடப் பேசுகிற ஊர்க்கதை அதிகம், அதனால் ரேடியோ. "அண்ணே, ரகசியம் என்ன, சொல்லு" என்றான்.

நடக்கிறேன், வாயைக் கட்டிவிட்டேன் என்றேன். சட்டென்று வந்துவிட்டது. நடப்பது பொய்யில்லை, சாயங்காலம் நடக்கிறேன்தான். ஆனால் ஊசி என்று சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். குறுக்கு வழி என்பார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நூற்றுப் பதின்மூன்று.

ஹெல்மெட் எடைமேடையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். ஏறினேன். பிறகு பெல்ட்டைத் தானே எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

ஏணியில் ஏறினேன். முன்பெல்லாம் ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்குவேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்று பாதி தூரம் வந்த பிறகுதான் நிற்கவே தோன்றியது. கேபின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். புதிய ஆள் இருக்கையை முன்னால் தள்ளி வைத்திருந்தார். பின்னால் தள்ளப்போனேன் — வேண்டியிருக்கவில்லை. கொக்கியை மெதுவாக இறக்கினேன். ஆடவில்லை. வாக்கியில் ரேடியோவின் குரல்: "வந்துட்டாருய்யா நம்ம ஆளு."

சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

காலைக் கூட்டத்தில் ஹெல்மெட் என்னை முன்னால் கூப்பிட்டார். தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி, ஏணியைப் பிடித்து ஏறு, கம்பியைப் பார்த்து மிதி என்று பத்து நிமிஷம் பேசுவார். இன்று தலைப்பு நான். மன உறுதி இருந்தால் மனுஷனுக்கு முடியாதது இல்லை, இவரைப் பாருங்கள் என்றார். நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன். நடை, வாய்க்கட்டு, மன உறுதி. மைக் இல்லாதது ஒன்றுதான் குறை. கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

செப்டம்பர் 3, புதன்

ஒரு சிக்கல். மதியச் சாப்பாடு.

கிரேன்காரன் சாப்பிட இறங்குவதில்லை. கேன்டீன் அக்கா டப்பாவைக் கட்டிக் கொடுப்பார், ரேடியோ அதை என் கயிற்றில் மாட்டுவான், நான் மேலே இழுத்துக்கொள்வேன். முடிந்ததும் காலி டப்பா இறங்கும். ரேடியோ அதை விரலால் தட்டிப் பார்ப்பான். டங்கென்று காலிச் சத்தம் வந்தால் சரி. சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால், ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆபீஸுக்குச் சொல்லவேண்டும், அவர்கள் என்னைக் கீழே இறக்கிவிடுவார்கள். முன்பு ஒருவர் பட்டினியோடு ஓட்டி மயங்கிய பிறகு வந்த வழக்கம் இது.

அக்காவோ, நான் திரும்பி வந்த சந்தோஷத்தில் பழையபடி மலை மாதிரி கட்டுகிறார். சோறு, கோழிக்கால் ரெண்டு, முட்டை. என்னால் கால்வாசிகூட முடிவதில்லை. கொஞ்சமாகக் கொடுங்க அக்கா என்றால், இளைத்தது போதும் தம்பி, சாப்பிடுங்கள் என்கிறார். மிச்சத்தை என்ன செய்வது?

கேபினுக்குப் பின்னால், கிரேன் சாயாமல் இருக்க எடைக்கல் தொங்கும் இரும்புக் கை இருக்கிறது. அதன் ஓரத்தில் வைத்தேன். காக்கைகள் வந்தன. டப்பா காலி. ரேடியோ தட்டினான். டங்.

செப்டம்பர் 17, புதன்

ஐயோ.

இன்று காக்கைகளுக்குள் சண்டை. ஒன்று கோழிக்காலைத் தூக்கிக்கொண்டு பறந்தது, இன்னொன்று துரத்தியது. முதல் காக்கை கால் துண்டைக் கீழே விட்டுவிட்டது. அது விழுவதைக் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பெரிய சைட்டில் அது போய் இறங்கிய இடம் ஹெல்மெட்டின் ஹெல்மெட்.

அங்கிருந்து தெறித்து, அப்போதுதான் கொட்டிய கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. அவர் அப்படியே நின்று மேலே பார்த்தார். சைரன் அடித்தது. என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கிரேனிலிருந்து போல்ட் கழன்று விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். கிரேனை நிறுத்து, எல்லாரும் விலகு. கான்கிரீட் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. என்னை இறங்கச் சொன்னார்கள்.

நான் அப்போதே வாக்கியில் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. எல்லார் காதிலும் விழும் என்று பயம்.

மெக்கானிக்குகள் இப்போது ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கிறார்கள். இல்லாத போல்ட்டைத் தேடி அந்த உயரத்தில் தொங்குகிறார்கள். என்னால்தான். அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, "அவங்கள்ல ஒருத்தர் வழுக்கி விழுந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

விடிந்ததும் ஹெல்மெட்டின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சார், விழுந்தது போல்ட் இல்லை, கோழிக்கால் என்றேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்தார். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். காக்கை, டப்பா, ஊசி, மன உறுதிப் பேச்சு எல்லாம். முதலில் வாக்கியை எடுத்து மெக்கானிக்குகளை இறங்கச் சொன்னார். பிறகு, நான் பார்த்தறியாத ஒன்று நடந்தது — ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். தலை வழுக்கை. பாவமாக இருந்தது.

"என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா இந்த ஊசியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார். "மனசு திடமா இருந்தா போதும், அந்த கிரேன் ஆபரேட்டரைப் பாருனு தினமும் உங்களைத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு மாசமா அவ என்கூடச் சரியாப் பேசறதே இல்ல."

நான் பார்த்தே இராத ஒரு பெண். என் பொய்யை எடுத்து அவரை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனுஷர். எனக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரியாதா? அந்த அடியை வாழ்க்கை முழுக்க வாங்கியவன்தானே நான்.

தண்டனையைச் சொன்னார். மேலே பறவைக்குத் தீனி வைத்ததற்கு இரண்டு வாரம் ஸ்டோர். டாக்டர் அம்மாவிடம், உயரத்தில் வேலை செய்யலாம் என்று சான்று வாங்கிவரவேண்டும். கிரேன் எனக்குத்தான். கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஊசி வலிக்குமா?" என்றார்.

கொசு கடிக்கிற மாதிரிதான் சார் என்றேன். நான் கத்தியதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலைக் கூட்டத்தில் நானே முன்னால் போய் நின்றேன். போன மாசம் நான் பேசியது பாதிப் பொய், வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன், அதனால்தான் இளைத்தேன் என்றேன். கோழிக்கால் கதையையும் சொன்னேன். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. சிரிக்கட்டும். போல்ட் தேடிய மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

கூட்டம் கலைந்ததும் மூன்று பேர் தனித்தனியாக ஸ்டோருக்கு வந்தார்கள். ஒருவருக்கும் கையுறை வேண்டியிருக்கவில்லை. டாக்டர் அம்மாவின் விலாசம்தான் வேண்டும்.

ரேடியோ, என்னிடம்கூடச் சொல்லலியே அண்ணே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். உன்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே என்றேன். அதுவும் சரிதான் என்றான்.

செப்டம்பர் 24, புதன்

ஸ்டோரில்தான் இருக்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். புதிய ஆளின் கொக்கி இப்போது பரவாயில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடி மேலே. காற்று இல்லை. காலை முழுக்கக் கம்பிக் கட்டுகளை ஏற்றினேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றில் லேசாக ஏதோ கிள்ளியது. குமட்டலோ என்று பயந்தேன். இல்லை. பசி. அந்த ஓயாத பேச்சு எதுவும் கூட வரவில்லை. வெறும் பசி. மற்றவர்களுக்கு வருமே, அது.

கயிற்றை இழுத்தேன். லேசாக வந்தது. கேன்டீன் அக்கா எங்கிருந்தோ ஒரு சின்ன டப்பா பிடித்திருக்கிறார். கொஞ்சம் சோறு, ஒரு முட்டை. சாப்பிட்டேன். போதும் என்று தோன்றியது. டப்பா காலி. காக்கைகள் பின்னால் வந்து உட்கார்ந்து என்னை முறைத்துவிட்டுப் போயின.

டப்பாவை இறக்கினேன். ரேடியோ தட்டிப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் வாக்கியில் ஹெல்மெட்டின் குரல். சட்டம் சொல்வதற்கு மட்டுமே அந்தச் சேனலில் வருபவர். என்ன தப்பு செய்தேனோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆபரேட்டருக்கு ஒரு தகவல்" என்றார். தொண்டையைச் செருமினார். "நேத்து வீட்டுல நானே போட்டுவிட்டேன். வலிக்கலையாம்."