தளவாயின் துப்பாக்கி வார்

குற்றாலம், 20-7-38

மகள் குருவம்மாளுக்கு அம்மாவின் ஆசி. பங்களாச் சமையல் வேலையில் நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா?

பேரன் தளவாய்க்குக் காட்டிலாகா வேலை கிடைத்ததும், அவன் துப்பாக்கி வாருக்குப் பஞ்சு வைத்துத் தைத்தேனே, அதேபோல் இங்கே வேட்டைக்காரர் சேக் மைதீனுக்கும் தைத்தேன். நேற்று ஐந்தருவிச் சாரலில் அது ஊறி, தோளிலிருந்து வழுக்கி, துப்பாக்கி பாறையில் விழுந்து வெடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை.

"வெறுந்தோல் வாரு தோளை அறுக்கும், ஆனா வழுக்காதுல்லா ஆச்சி. நீங்க தச்சது மழையில எருமையா கனக்கு!" என்று அவர் சிரிக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தளவாய் மலையேறுமுன் பஞ்சைப் பிரித்துவிடு. அவனுடைய பழைய சட்டை ஒன்றும் அனுப்பு, அடுப்படிக்குக் கைப்பிடித் துணி இல்லை.

தபால்காரர் நிற்கிறார். பிரித்ததும் ஒரு வரி எழுது. ஆச்சி பிரிக்கச் சொன்னாள் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

அம்மா
ஆவுடையம்மாள்