நாலாவது கவர்

முதல் கவர்
(ஏர்போர்ட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் பிரிக்கவும்)

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்புள்ள ராஜாம்பாளுக்கு,

கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. பழமலைநாதர் புண்ணியத்தில் எல்லாச் சோதனையும் முடிந்து நீ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவது நான் சவுதியில் இருந்தபோது போட்டது. வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். விமானம் கிளம்பினால் போனை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். நாலரை மணி நேரம் உன் குரல் எனக்கும் என் குரல் உனக்கும் கேட்காது. அதற்குத்தான் இது.

மொத்தம் நாலு கவர். மேலே நம்பர் போட்டிருக்கிறேன். ஒன்று இங்கே, இரண்டு சீட்டில் உட்கார்ந்ததும், மூன்று விமானம் ஆடும்போது, நாலு தோஹாவில் இறங்கிய பிறகு. நீ பலகாரப் பொட்டலத்தைக்கூட பஸ்ஸிலேயே பிரித்துப் பார்க்கிறவள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை வரிசை மாற்றாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். பீங்கான் கம்பெனி ஆபீஸில் கோந்து தீர்ந்துவிட்டது. கப்பைப் பளபளப்பாக்கக் கிளேஸ் தொட்டியில் கலக்கிற பசையை எடுத்து நன்றாகத் தடவி ஒட்டியிருக்கிறேன், பிடிப்பாகத்தான் இருக்கிறது.

உன் பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று இப்போதே தொட்டுப் பார். பெரிய பெட்டியில் போட்டிருந்தால் அது இந்நேரம் விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கும். பாஸ்போர்ட்டும் விசாத் தாளும் மஞ்சள் பையில். மாப்பிள்ளை நம்பரை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அதோடு வைத்திருக்கிறேன். யாராவது தெரியாதவர்கள், இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்கம்மா என்று கெஞ்சினாலும் வாங்காதே. உனக்கு மனசு இளகும், வாங்காதே.

ஆழத்துப் பிள்ளையார் கோயிலில் நீ கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தில் விபூதியை விட்டுவிட்டுக் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவிட்டேன். படியிறங்கிப் பள்ளத்தில் இருக்கிற சாமியைக் கும்பிட்டுவிட்டு மேகத்துக்கு மேலே போகிறவள் நீதான். இன்னொன்றையும் எடுத்தேன். பத்தியப் பொடிக்குத் தனியாகக் கட்டி வைத்திருந்த கசகசா. அந்த நாட்டில் கசகசாவைப் போதை மருந்துக் கணக்கில் வைத்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள். அரைத்த பொடியில் போட்டியா என்று நான் மூன்று தரம் கேட்டதற்கு நீ முறைத்தாய். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை, பயத்தில் கேட்டேன். அந்தப் பொட்டலம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

அடுத்த மாசத்து டிக்கெட் ஏன் நாளைக்கு மாறியது என்று காலையிலிருந்து கேட்கிறாய். மாப்பிள்ளைக்குத் திடீரென்று வெளியூர் வேலை, வயிற்றுப்பிள்ளைக்காரியான நம் சிவசங்கரியைத் தனியாக விடக்கூடாது. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

இரண்டாவது கவர்
(சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும்)

அன்புள்ள ராஜம்,

ஜன்னல் ஓரம் வேண்டாம், நடக்கிற பாதைப் பக்கம் கொடுங்கள் என்று கேட்கச் சொன்னேனே, கேட்டாயா? நீ அடிக்கடி எழுந்திருப்பவள். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல் படும்படி போடு. விளக்கு அணைந்த பிறகும் கழற்றாதே. மேலே கிளம்பும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அது அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் சட்டென்று குறையும். எஞ்சின் நின்றுபோச்சு என்று நினைக்காதே. நான் நினைத்தேன்.

காது அடைக்கும். அதற்குத்தான் கடலை மிட்டாய் வைத்திருக்கிறேன். மென்று எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு. இறங்கும்போது இன்னும் அதிகமாக அடைக்கும், பாதி மிட்டாயை அதற்கு மிச்சம் வை. குளிர் எலும்புக்குள் போகும். என் சாக்ஸ் உன் பையில் இருக்கிறது, வெட்கப்படாமல் போட்டுக்கொள், போர்வை கேட்டால் தருவார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. பாத்ரூம் போகணுமே என்று குடிக்காமல் இருந்தால் தலைவலி வரும், உனக்குப் பிரஷரும் ஏறும். மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு அடி நட, உட்கார்ந்தபடியே பாதத்தைச் சுற்று, இல்லாவிட்டால் கால் வீங்கும். பாத்ரூமில் தண்ணீர் இழுக்கிற சத்தம் உன்னையும் சேர்த்து இழுக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சவுதிக்குப் போனபோது பக்கத்துச் சீட்டில் மங்கலம்பேட்டை சாதிக் பாய் உட்கார்ந்திருந்தார். கிளம்பியதும் அவர் கையைப் பிடித்தவன் தமாமில் இறங்கும்வரை விடவில்லை. “வுடுங்கண்ணே, சாப்புடணும்”னு அவர் இரண்டு தரம் கேட்டார். இடது கையாலேயே சாப்பிட்டார், பாவம். மேலே எழுதிய எல்லாம் அவர் எனக்குச் சொன்னது. சூளை நெருப்பு முன்னால் நின்று பழகியவன் அன்று ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

பக்கத்தில் பெண்பிள்ளை இருந்தால் கையைப் பிடித்துக்கொள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உன்
கலியமூர்த்தி

மூன்றாவது கவர்
(விமானம் ஆடினால் மட்டும், ஆடாவிட்டால் சாப்பிட்ட பிறகு)

ராஜம்,

ஆடுகிறதா? ஒன்றும் ஆகாது. வேப்பூர் ரோட்டில் பஸ்ஸின் கடைசி சீட்டில் நீயும் நானும் எத்தனை தடவை தூக்கிப் போடப்பட்டிருக்கிறோம், அதில் பாதிதான் இது. பணிப்பெண்ணின் முகத்தைப் பார். அந்தப் பெண் பயப்படாமல் நடந்தால் நீயும் பயப்பட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து மெதுவாக விடு.

தோஹா ஏர்போர்ட்டுக்கு வெளியே மாப்பிள்ளைக்குப் பதில் அவருடைய கூட்டாளி தங்கதுரை நின்றாலும் நிற்பார். சிதம்பரத்துப் பையன், நல்லவன், நீல நிறக் கார். அவர் வந்திருந்தால் எதையாவது நினைத்துப் பதறாதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நான் பேசுவதே இல்லை. சிவசங்கரிக்கு ஏழாம் மாசத்தில் குழந்தை தங்காமல் போன செய்தி எனக்குப் போனில் வந்தது. நான் சூளையடியிலிருந்து ஓடி வந்தேன். நீ பீங்கான் கப்பில் பூப்படம் ஒட்டிக்கொண்டிருந்தாய். நின்ற வாக்கில் சொன்னேன். நீ தட்டோடு சாய்ந்தாய். பத்து நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். தோஹாவில் நம் பெண் படுக்கையில் கிடந்து, “அம்மா எங்கப்பா, அம்மாகிட்ட குடு”ன்னு தினமும் கேட்டாள். தூங்குது, தூங்குது என்று பத்து நாளும் பொய் சொன்னேன். சூளை நல்லபடி எரிந்திருந்தாலும் சூடு இறங்குமுன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சாமானெல்லாம் விரிசல் விட்டுப்போகும். சூளையடியில் நிற்கிற சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாமல் போச்சு.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. விபூதி இட்டுக்கொள்.

கலியமூர்த்தி

நாலாவது கவர்
(விமானம் தரையில் நின்று, எல்லோரும் எழுந்த பிறகு மட்டும்)

என் ராஜத்துக்கு,

போனை இன்னும் போடாதே. இதை முதலில் படி. உட்கார்ந்து படி. பின்னால் இருப்பவர்கள் முன்னால் போகட்டும்.

மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை எதுவும் இல்லை. இன்று காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை நந்தகுமார் கம்பெனிக்குப் போன் செய்தார். நம் சிவசங்கரிக்கு விடியற்காலையில் பிரஷர் ஏறி, ஃபிட்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு முழுசாகத் திரும்பவில்லை. ஐசியூவில் இருக்கிறாள். எட்டாம் மாசம்தான் ஆகிறது. பிரஷரை இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் பார்க்கிறார்கள். பெரிய உயிரா சின்ன உயிரா என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். மாப்பிள்ளை அதைச் சொல்லும்போது அழுதார். “மாமா, அத்தைய அனுப்புங்க, என்னால தனியா நிக்க முடியல”ன்னாரு. உன் டிக்கெட்டை அவர்தான் மாற்றினார். என் பாஸ்போர்ட் காலாவதியாகி வருஷம் பல ஆச்சு. இருந்திருந்தால் அந்த நாலரை மணி நேரமும் யார் கையையாவது பிடித்துக்கொண்டு நானே வந்திருப்பேன்.

இப்போது மாலை ஆறு மணி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளை இதை நீ படிக்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. 

உன்னிடம் மறைத்தேன். காலையிலிருந்து நீ பொடி அரைத்தாய், குழந்தைக்குத் துணி மடித்தாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லியிருந்தால் நீ விழுந்திருப்பாய். நீ விழுந்தால் அவளுக்கு யாரும் இல்லை. திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இப்போது எழுந்திரு. மாத்திரை போட்டுக்கொள். கைப்பையை எடு. அவள் படுக்கைக்குப் பக்கத்தில் போய், அம்மா வந்துட்டேன்டி என்று சொல். மற்றதெல்லாம் பிறகு.

உன் கையை நம்பித்தான் இருக்கிறேன்.

கலியமூர்த்தி

(மூன்றாவது கவரின் வெளிப்பக்கத்திலும் உள்பக்கத்திலும் பென்சிலால் எழுதியது. ஊர் திரும்பும் வழியில், செங்கல்பட்டு தாண்டிய பிறகு டிரைவர் மாணிக்கவேல் கொடுத்தது.)

மீனம்பாக்கம்,
புதன்கிழமை.

என் வீட்டுக்காரருக்கு ராஜாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது.

தள்ளுவண்டி எடுத்து வருகிறேன் என்று போயிருக்கிறீர்கள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இதை மாணிக்கவேல் தம்பியிடம் கொடுத்து, செங்கல்பட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி ஏர்போர்ட்டுக்கு ஓடி வந்து நிற்கக் கூடாது பாருங்கள்.

உளுந்தூர்பேட்டை தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது போனை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனீர்கள். மாப்பிள்ளையிடம் பேச எதற்கு மரம்? கிளேஸ் பசை ஆவி பட்டால் விட்டுவிடும் என்று பதினாறு வருஷம் பூ ஒட்டினவளுக்குத் தெரியாதா? டீ டம்ளர் மேலே பிடித்தேன், அழகாகத் திறந்துகொண்டது. நாலாவதைத்தான் முதலில் படித்தேன். பிறகு மற்றதையெல்லாம் படித்துவிட்டு, திரும்ப ஒட்டி வைத்தேன். நீங்கள் வந்து, “டீ ஆறிப் போச்சே, இன்னும் குடிக்கலியா”ன்னு கேட்டீங்க. சூடு ஜாஸ்தின்னு சொன்னேன்.

திட்டச் சொன்னீர்கள். திட்ட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் செய்தி கேட்டு விழவில்லைங்க. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே விழ ஆரம்பித்துவிட்டேன். ஓடி வந்த உங்கள் முகத்தைப் பார்த்து விழுந்தேன். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. காகிதத்தில் எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்று தாங்கினேன் இல்லையா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, எழுந்து வந்து காரில் ஏறினேன்.

அதனால்தான் அங்கேயிருந்து இங்கே வரைக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தூங்குகிற மாதிரி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன். உள்ளே போகும்போதும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகள் கதவுகிட்ட நின்று கையாட்டுவார்கள், இவள் கல்லு மாதிரி போகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு தரம் பார்த்தால் என் கால் நின்றுவிடும். அது நிற்கக் கூடாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆகாயத்துக்கு இல்லை. அங்கே இறங்கிக் கதவைத் திறந்து வெளியே போகிறேனே, அந்த இடத்துக்குத்தான் பயம். நீல நிறக் கார் நின்றால் என்ன அர்த்தம், மாப்பிள்ளையே நின்றால் என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். ஆடினால் பக்கத்தில் யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் ராத்திரி சமைக்க வேண்டாம், பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். தனியாக வீட்டில் உட்காராமல் கம்பெனிக்குப் போய்ச் சூளையடியில் நாலு பேரோடு இருங்கள்.

இறங்கி, பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்வேன். அதற்கு முன்னால் நீங்கள் கூப்பிடாதீர்கள், மாப்பிள்ளையையும் கூப்பிடாதீர்கள். மணி அடித்ததும் எடுங்கள். எடுத்ததும் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். சாப்பிட்டியா என்று கேளுங்கள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, மற்றதை நானே சொல்கிறேன்.

தள்ளுவண்டியோடு நீங்கள் வருவது தெரிகிறது. முகத்தைப் பார்க்காமல் முடிக்கிறேன்.

உங்கள்
ராஜாம்பாள்