ஸ்பிரிங் வளையத்தில் பெயின்ட் கோடு

ஆடி கடைசி, சனிக்கிழமை இரவு.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் தம்பி ஜெபின் கார் ஓட்டுகிறான். அதற்காக இன்று முன்னும் பின்னும் தரையிலிருந்து வண்டியின் உயரத்தை அளந்தேன். ஓட்டுபவன் எடைக்கு வண்டி தாழும் என்பதால் அவன் சீட்டில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தான். சித்திரையில் வைத்த அளவைவிட வண்டி உயர்ந்து நின்றது. வலதுபக்கம், அவன் இருக்கும் பக்கம், இன்னும் அதிகம்.

டயர் காற்று, பெட்ரோல், தரை மட்டம் எல்லாம் பார்த்தேன். ஸ்பிரிங்கைத் தாங்கி வண்டியை ஏற்றி இறக்கும் வளையத்தில் அன்று நான் போட்ட பெயின்ட் கோடு அசையவில்லை. யாரும் திருகவில்லை.

"எறங்கிட்டு ஒருக்கா மறுபடி ஏறு" என்றேன். ஏறும்போது சட்டை விலகி விலா எலும்பு தெரிந்தது. சீட் பெல்ட்டை முழுக்க இறுக்கியும் தோளில் தொங்கியது.

"மக்கா, ஒழுங்கா தின்னுதியா?"

"தின்னுதேன். நீ உனக்க வேலையப் பாரு அண்ணா."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "போனேன். அம்மைட்ட சொல்லாத."

என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டிக்கடியில் படுத்து வளையத்தைத் திருகி வண்டியை இறக்கினேன். அளவு வந்துவிட்டது.

"செரியாச்சா?" என்றான்.

"ஆச்சு" என்றேன்.

அவன் போன பிறகு, வளையம் இப்போது நிற்கும் இடத்தில் புதுக் கோடு போடப் பெயின்டைத் திறந்தேன். அவன் மெலிவது இதோடு நிற்குமா என்று தெரியாமல் கோட்டை எங்கே போடுவது? மூடி வைத்துவிட்டு வந்தேன்.