புத்தகத்தில் இல்லாத வெள்ளைக் கோடு

என்னங்க, நலம்தானே?

நீங்கள் அனுப்பிய ஜெர்மனி வழிகாட்டிப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். எந்த ரயில், எந்த மியூசியம், எல்லாம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையோடு அங்கே வந்து குடியிருக்க முடியுமா என்பதுதான் இல்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதற்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இன்று மத்தியானம் ஸ்ரீரங்கம் கோயிலில் ஒரு வெள்ளைக்காரம்மா. கையில் நம் நாட்டைப் பற்றிய புத்தகம். அதில் சொன்னபடி செருப்பைக் கழற்றிவிட்டார். தரை சுடும் என்று அதில் இல்லை போல, குதித்துக்கொண்டிருந்தார். நம் மிருதுளா ஓடிப்போய், "ஆன்ட்டி, வெள்ளை அடிச்ச கோட்டு மேல நடங்க, சுடாது!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பாஷை புரியாமலே அவரும் பின்னால் நடந்தார்.

அங்கே எங்களை யார் அப்படி இழுத்துப் போகப் போகிறார்கள் என்று பார்க்கத் தோன்றுகிறது. எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா