பழைய கம்பளி

சேசு மரி சூசை துணை.

தேவிகுளம் மலை,
ஆனி, 1954

அன்புள்ள அம்மாவுக்கு மகள் கத்தரீனாள் வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். இங்கே மழை விடவில்லை.

என் பிள்ளை பிரகாசியின் கழுத்தில் வட்டமாகத் தடித்து அரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வியர்க்குரு இல்லை அம்மா, படர்தாமரை. எனக்கும் இடுப்பில் இருக்கிறது. நனைந்த சேலையோடு நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுப்பதால் எங்கள் லயத்து வீடுகளில் பலருக்கும் உண்டு. நேற்று எஸ்டேட் கம்பவுண்டரிடம் காட்டினேன். "பயப்படாத, களிம்பு போட்டா ஆறிரும். ஆனா நீ போத்துன கம்பளிய யாருக்கும் குடுத்துராத" என்றார்.

ஈஸ்டருக்கு வந்தபோது, அம்மா வாசம் வேண்டும் என்று பிள்ளை அழுததால்தானே என் பழைய கம்பளியை விட்டுவந்தேன். அப்போதே எனக்கு அரிப்பு இருந்தது. பூச்சிக்கடி என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கம்பளியை எரித்துவிடுங்கள். வேலியோரச் சீமை அகத்தி இலையை அரைத்துத் தடவுங்கள். உங்களுக்கும் அரிக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

இந்த வருஷம் எஸ்டேட்டில் கொடுத்த புதுக் கம்பளியை, ஊருக்கு வரும் ஞானப்பூ அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு மழைக்குச் சாக்கு போதும்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. பிரகாசியிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். புதுக் கம்பளியை நான் ஒருநாளும் போர்த்தவில்லை. அதில் என் வாசம் இருக்காது.

கத்தரீனாள்